கார்புரேட்டரை மாற்றும் முன் பெட்ரோல் கேனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்து களை வெட்டும் வேலை தொடங்கியதும் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் மெக்கானிக் கடைகளில் பிரஷ் கட்டர் எனும் களை வெட்டும் மெஷின்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே புகார்தான்: ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டார்ட் ஆனாலும் ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது, சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது. "கார்புரேட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்பார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்புரேட்டர். போட்ட புதுசும் அடுத்த மழைக்குப் பிறகு அதே நிலைக்கு வருகிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களின் காசு இப்படி வீணாகக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

கோளாறு பெரும்பாலும் பெட்ரோலில்தான் தொடங்குகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் மலையில் மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும். பாதி காலியான கேனில் ஈரம் சேர்ந்து, இரவுக் குளிரும் கூடினால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் பில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். இன்ஜின் தேயாமல் இருக்க நாம் கலக்கும் 2டி ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடுவதால், இன்ஜின் உறிஞ்சுவது ஆயில் இல்லாத கலவை. கார்புரேட்டர் மட்டுமல்ல, பிஸ்டனும் சேர்ந்து போகும். உள்ளேயே காய்ந்த பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும், பெட்ரோலை இழுத்துவிடும் மெல்லிய சவ்வான டயாப்ரத்தை விறைக்க வைக்கும்.

கார்புரேட்டரில் கை வைக்கும் முன் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் ஏற்ற அழுத்தும் ரப்பர் குமிழை அழுத்தும்போது ஓயாமல் காற்றுக் கொப்புளம் வந்தால் டியூபில் விரிசல். அழுத்திய குமிழ் உப்பாமல் ஒட்டியபடியே நின்றால் டேங்குக்கும் குமிழுக்கும் இடையே அடைப்பு. முதலில் பில்டரை மாற்றுங்கள். சைலன்சர் வாயில் உள்ள சிறு கம்பிவலை கரி பிடித்து அடைத்தாலும் மெஷின் இழுக்காது. அந்தப் பழியும் கார்புரேட்டர் மேலேயே விழுகிறது.

இவை சரியாக இருந்தால் கழற்றலாம். ஒரு பக்கம் பம்ப் டயாப்ரம், அதன் அடியில் விரல் நகம் அளவு சல்லடை. மறுபக்க மூடியின் அடியில், நடுவில் சிறு உலோகப் பொட்டு வைத்த டயாப்ரம். அதை விரலால் மெல்ல அழுத்துங்கள். துணி போலத் துவள வேண்டும். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அதன் ஆயுள் முடிந்தது. டயாப்ரமும், கசிவைத் தடுக்கும் தாளான கேஸ்கெட்டும் சேர்ந்த கிட் தனியாகவே கிடைக்கிறது, புதிய கார்புரேட்டரைவிட மிக மலிவு. மாட்டும்போது வரிசை முக்கியம். பொதுவான வகைகளில் பம்ப் பக்கம் டயாப்ரம் உடலை ஒட்டியும் கேஸ்கெட் அதன் மேலும் வரும். பொட்டு வைத்த பக்கம் கேஸ்கெட் முதலில், டயாப்ரம் பிறகு. இது மாறினால் புது கிட் போட்டும் ஓடாது. கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஜெட் ஓட்டையில் கம்பி விட வேண்டாம். கம்ப்ரஸர் காற்றையும் நேராக அடிக்க வேண்டாம், உள்ளிருக்கும் சிறு வால்வு கிழிந்துவிடும்.

மலைக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. கோவையில் டியூன் செய்த மெஷின் இங்கே பெட்ரோலை அதிகமாகக் குடித்து, பிளக்கைக் கறுப்பாக்கித் திணறும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும், எச் (H) என்று குறித்த திருகைச் சிறிது உள்ளே திருப்பினால் சரியாகும், ஆனால் ஏர் பில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்ட பிறகே திருப்ப வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் புல் படாதபோது சத்தம் லேசாகத் திக்கி, புல்லில் இறக்கியதும் தெளிந்தால் அது சரியான அளவு. இப்படிச் சரிசெய்த மெஷினை அப்படியே மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. கீழே காற்று கூடும், பெட்ரோல் போதாது, இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாடகைக்கு விடுபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஆயில் அளவு மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கூடுதலாக ஊற்றுவது பாதுகாப்பு அல்ல, கரிதான் சேரும். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து இறுக மூடி வையுங்கள். மெஷின் சில வாரம் சும்மா இருக்கப் போகிறது என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டி, குமிழையும் அழுத்தி வெறுமையாக்கி வையுங்கள்.

மானியத்தில் பிரஷ் கட்டர் வழங்கும்போது ஒரு டயாப்ரம் கிட்டும், நம் உயரத்துக்கான டியூனிங் குறிப்பு அடங்கிய ஒரு பக்கத் தமிழ்த் தாளும் சேர்த்துத் தர வேளாண் பொறியியல் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு இயந்திரப் பழுதுநீக்குநர்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.