செவ்வாய்க்கிழமை சிவில் துறைக்குப் போ, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னது இன்னும் மனசிலேயே நிற்கிறது. "நிலத்தடி நீரைப் பத்தி சிவில் துறையில யாரோ பேச வர்றாங்களாம்க்கா. கணக்கு படிக்கிற எனக்கு எதுக்கு அது?"

ராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்தில் படிக்கிறாய், தூய கணிதத்தின் மேல் உனக்கு இருக்கிற பிடிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு அவரும் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும் 1918-ல் கண்ட தோராயச் சூத்திரத்தை, 1937-ல் இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் கால்க்காரும் அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நம் பக்கம் காது கொடுத்தார்கள். நாமும் கொடுக்க வேண்டாமா?

வேதாரண்யத்தில் மாமா போட்ட போர்வெல் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோடையில் மல்லிக்குத் தண்ணீர் போதவில்லை என்று போரை இன்னும் ஆழமாக இறக்கி, மோட்டாரை ராப்பகலாக ஓட விட்டார். கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. அத்தை ஒரு சொம்பு பிடித்து வாயில் வைத்தவள், அப்படியே வரப்பில் துப்பினாள். "கடல் உள்ள வந்துடுச்சு" என்றார் மாமா. பக்கவாட்டில் வந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தோம். அது கீழேயிருந்து வந்தது.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனம். அதனால் கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இருக்கும். மேலே ஒரு சாண் இறங்கினால், அடியில் உப்பு நாற்பது சாண் வரை ஏறப் பார்க்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரில் வழங்குகிற கணக்கு இது. பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம். மாமா போரையும் கீழே இறக்கினார், ஓயாமல் இறைத்து உப்பையும் மேலே இழுத்தார். இது தெரியாமல்தான் அந்த வருஷத்து மல்லி போயிற்று. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த உரையில் டார்சி விதி கட்டாயம் வரும், 1856-ல் வந்தது. மண்ணுக்குள் நீர்மட்டம் தாழ்கிற பக்கம் தண்ணீர் ஓடும் என்கிறது. சூடு குறைகிற பக்கம் வெப்பம் ஓடும் என்று ஃபூரியே 1822-லேயே எழுதிவிட்டார். தண்ணீரில் உப்பு பரவுவதற்கு ஃபிக் எழுதியதும் இதே வடிவம்தான். நீ போன பருவத்தில் தீர்த்துப் பார்த்த வெப்பச் சமன்பாடு அங்கே மண்ணுக்குள் ஓடுவதைப் பார்ப்பாய்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் புரியாது, எழுந்து வந்துவிடாதே. ஒவ்வொரு குறியீட்டுக்குப் பக்கத்திலும் அதன் அலகை நோட்டில் எழுது, பாதி அதிலேயே விளங்கும். பிறகு எல்லை நிபந்தனையை, அதாவது ஓரங்களில் என்ன நடக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனி. அந்த நாற்பது மடங்குக் கணக்கு தண்ணீர் அசையாமல் நிற்கிறது, நல்லதும் உப்பும் ஒரு கோட்டில் பிரிந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் நடுவே இரண்டும் கலந்த ஒரு பட்டை உண்டு, ஓதமும் ஏறி இறங்கும். "கடல் ஓரத்துக்கு என்ன நிபந்தனை வைத்தீர்கள்?" என்று எழுந்து கேள். கணக்குப் பையன் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். உப்பு ஏறாமல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டலாம் என்று அவரும் கேட்டுவரச் சொன்னார். ராத்திரி போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா