படத்துக்குக் கீழே ஒரு வரி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மகளிர் தினச் சிறப்பிதழில் சாதனைப் பெண்களுக்கென்று இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கங்களில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'முதல் பெண் மருத்துவர்', 'முதல் பெண் உறுப்பினர்', 'முதல் பெண் பேராசிரியர்' என்று ஒரே ஒரு வரி. எல்லாவற்றையும் படித்து முடித்தபோது, இவர்கள் முதலில் உள்ளே போனவர்கள் என்று தெரிந்ததே தவிர, உள்ளே போய் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்தச் சபையில் அவர் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தார் என்பதை யார் சொல்கிறார்கள்? தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று பேசியதோடு அவர் நிற்கவில்லை. கோயில் சேவைக்காக விடப்பட்ட மானிய நிலமே அந்தப் பெண்களுக்கு வாழ்வாதாரம். சேவையை விட்டால் நிலமும் போய்விடும் என்ற நிலை. 1929-இல் அவர் முயற்சியால் வந்த சட்டத்திருத்தம், சேவையிலிருந்து விலகினாலும் நிலம் அவர்களிடமே இருக்க வழிசெய்தது. முறையை முற்றாக ஒழிக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் ஆறாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்ததும் அவர்தான். இத்தனையும் 'முதல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோகலாமா?

வானியலில் இதைவிட வேதனையான கதை ஒன்று உண்டு. ஹென்ரியெட்டா லீவிட் ஹார்வர்டு வானியல் நிலையத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர். தொலைநோக்கி வழியாக எடுத்த படங்கள் அப்போது கண்ணாடித் தகடுகளில் பதிவாகும். வெவ்வேறு இரவுகளில் எடுத்த தகடுகளை, ஒன்று நெகட்டிவ், மற்றொன்று பாசிட்டிவ் என்று ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உருப்பெருக்கியால் பார்த்து, எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று தேட வேண்டும். மெகல்லன் மேகங்கள் எனப்படும், நம் பால்வெளிக்கு அருகிலுள்ள இரு சிறு விண்மீன் கூட்டங்களில் இப்படி ஒளி கூடிக் குறையும் 1,777 விண்மீன்களைக் கண்டுபிடித்து 1908-இல் வெளியிட்டார். 1912-இல், அவற்றில் 25 விண்மீன்களை வைத்து, எது அதிகப் பிரகாசமோ அது ஒரு சுற்று கூடிக் குறைய அதிக நாள் எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். எத்தனை நாள் என்று பார்த்தால் உண்மைப் பிரகாசம் தெரியும்; அதை நம் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். வானத்தில் தூரம் அளக்கும் அளவுகோலே அதுதான்! ஆனால் அந்த அறிக்கையின் அடியில் இருக்கும் கையெழுத்து நிலையத்தின் இயக்குநர் பிக்கரிங்குடையது. செல்வி லீவிட் தயாரித்தது என்ற குறிப்பு முதல் வரியில் இருக்கிறது. அந்த அளவுக்காவது நேர்மை இருந்தது. பின்னால் வானியலாளர் ஹப்பிள் அந்த அளவுகோலை வைத்துத்தான் ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் கூட்டம் என்று நிறுவினார். 1925-இல் ஸ்வீடன் கணிதவியலாளர் மித்தாக்-லெஃப்ளர், லீவிட்டை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு அவருக்குக் கடிதம் எழுதினார். லீவிட் 1921-லேயே காலமாகிவிட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. யார் என்ன செய்தார் என்று பதிவு செய்வதில் பத்திரிகைகளுக்கு இருக்கும் பொறுப்பைத்தான் சொல்கிறேன். 2013-இல் ராக்கெட் பொறியாளரான இவோன் பிரில் என்ற பெண்மணி இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் குறிப்பு, அவர் சமையலையும், பிள்ளை வளர்த்ததையும் சொல்லித்தான் தொடங்கியது. செயற்கைக்கோள்கள் தங்கள் பாதையிலிருந்து விலகாமல் இருக்க உதவும் உந்துபொறியை வடிவமைத்தவர் அவர்! வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகு, இணையப் பதிப்பில் அந்தத் தொடக்கத்தை மாற்றினார்கள். வாசகர் எழுதினால் பத்திரிகை மாறும் என்ற நம்பிக்கையோடுதான் நானும் எழுதுகிறேன். 'குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு சாதித்தவர்' என்ற வரி நம் பத்திரிகைகளிலும் பெண்களைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடுகிறது. ஆண் விஞ்ஞானியைப் பற்றி அப்படி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இருபது பேருக்கு இருபது வரி எழுதுவதைவிட, ஒருவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள். அவர் கையில் எடுத்த பிரச்சினை என்ன, அதை எப்படி அணுகினார், எங்கே தடுக்கப்பட்டார், அவர் செய்ததை இன்று யார் பயன்படுத்துகிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள். அதையும் மகளிர் பக்கத்தில் ஒதுக்காமல், சட்டம் என்றால் சட்டக் கட்டுரைகளோடும், அறிவியல் என்றால் அறிவியல் பகுதியிலும் போடுங்கள். மார்ச் மாதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

யாரிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், அன்னா மணியைச் சொல்வேன். சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்கள் ஒளியை உமிழும் விதத்தை ஆராய்ந்தவர். ஒரே ஒரு பதிவுக்காக ஒளிப்படத் தகட்டை 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளிபட வைத்திருக்க வேண்டும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனியொருவராக வெளியிட்டார். ஆனால் முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி, சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. அவர் அதில் முடங்கிப்போகவில்லை. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வானிலைக் கருவிகளை இங்கேயே செய்வதற்காக ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். நாடு முழுக்கச் சூரியக் கதிர்வீச்சை அளந்து அவர் தொகுத்த தரவுகள் 1980-களின் தொடக்கத்திலேயே நூல்களாக வந்துவிட்டன. சூரிய மின்சக்தி பற்றி உங்கள் இதழில் அடிக்கடி கட்டுரை வருகிறது. அடுத்த கட்டுரையில் அவர் பெயரும் அவர் செய்த வேலையும் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி