பனிச் சோதனைக்குக் குளிர் மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் விமானப் பொறியியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவேயில்லை.

விமான இன்ஜினை ஒரு பெரிய ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டினால், அது பனியைத் தாங்குமா என்று பார்க்கும் பனிச் சோதனை முடிந்துவிடாதா என்று மகள் கேட்டாளாமே, நல்ல கேள்வி. வெறும் குளிரை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். சிக்கல் மேகத்திலுள்ள தண்ணீரில் இருக்கிறது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நுண்துளிகள், இன்ஜினின் முன்புற விசிறியின் பிளேடில் பட்டதும் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் துளியைத் தரையில் உண்டாக்குவதுதான் பெரும்பாடு.

இன்ஜினுக்கு முன்னால் வரிசையாக நாசில்கள் (தெளிப்பு முனைகள்) வைத்து, அழுத்தக் காற்றோடு தண்ணீரைத் தெளிப்பார்கள். துளிகள் பெரும்பாலும் 15 முதல் 50 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அழுத்தக் காற்று விரியும்போது குளிர்ந்துவிடுவதால் துளி நாசில் வாயிலேயே உறையலாம். உறைந்த துளி பிளேடில் ஒட்டாமல் தெறித்துவிடும், சோதனை வீண். அதனால் அந்தக் காற்றைச் சூடாக்கி அனுப்புகிறார்கள். பிறகு துளி போகும் வழியில் குளிர்வதற்குப் போதுமான தூரமும் வேண்டும்.

இன்னொன்று. விமானம் இன்ஜினின் விசையைக் குறைத்து இறங்கும்போது, எதிரே வரும் காற்றில் ஒரு பகுதி இன்ஜினுக்குள் போகாமல் விலகிப்போகிறது. துளிகளுக்கோ கனம் அதிகம். சட்டென்று திரும்ப முடியாமல் உள்ளே புகுந்துவிடுகின்றன. ஆக, மேகத்தில் இருப்பதைவிட உள்ளே ஈரம் கூடுகிறது. தரையில் அசையாமல் நிற்கும் இன்ஜின் நாலா பக்கத்திலிருந்தும் காற்றை இழுப்பதால் இது நடக்காது. அதை ஈடுகட்ட எவ்வளவு தண்ணீர் கூட்டித் தெளிப்பது என்ற கணக்குதான் இந்தச் சோதனையின் உயிர் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது உறைபனி மூட்டச் சோதனை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே, கனமீட்டருக்கு 0.3 கிராம் தண்ணீர் உள்ள மூட்டத்தில், இன்ஜின் 30 நிமிடம் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓட வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. மெதுவாகச் சுற்றும் விசிறியால் பனியை உதற முடியாது, சேர்ந்துகொண்டே போகும். அப்புறம் டேக்-ஆஃப் வேகத்துக்கு ஏற்றுவார்கள். சேர்ந்த பனி உடைந்து சிதறும். அதிர்வு எல்லை மீறியதா, பிளேடு வளைந்ததா, இன்ஜின் திணறியதா எல்லாம் அப்போது தெரிந்துவிடும். பயணிகளை ஏற்றுவதற்கு முன் இதைத் தரையிலேயே பார்த்துவிடுவது எவ்வளவு பெரிய காரியம்!

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் தாம்சன் என்ற ஊரில் இன்ஜின் தயாரிப்பு நிறுவனங்களான ரோல்ஸ்-ராய்ஸும் பிராட் அண்ட் விட்னியும் சேர்ந்து இதற்கென்றே ஒரு திறந்தவெளி மையம் அமைத்து, 2010இல் திறந்தார்கள். அங்கே குளிரை இயற்கையே தந்துவிடுகிறது.

மிக உயரத்தில் பனிப்படிகங்கள் இன்ஜினின் சூடான உட்பகுதிக்குள் போய் உருகி, மறுபடி உறைவது தனிக் கதை. அதற்குக் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், உயரத்துச் சூழலைத் தரையில் உண்டாக்கும் நாசாவின் சோதனை அறை இருக்கிறது. மகளுக்கு ஆர்வமிருந்தால் என்னை நேரடியாகவே கேட்கச் சொல், விரிவாக எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்