ஹோட்டல் மெனுவில் அரை அளவுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு ஹோட்டலுக்குச் செல்வது விசேஷ நாள்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய், பல வீடுகளில் வாராந்தர வழக்கமாகிவிட்டது. எனவே அங்கே எதை, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை ஹோட்டல்காரர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அவர்களும்தான் ஹோட்டலுக்கு வருகிறார்கள். பத்தியச் சாப்பாட்டை அவர்கள் கேட்கவில்லை. தங்களுக்கு ஒத்துக்கொள்வதைத் தேர்ந்தெடுக்க மெனுவில் வழி இருந்தால் போதும் என்கிறார்கள்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் மெனுவில் அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும், ஒரே ஒரு கடையாக நடக்கும் ஊர் ஹோட்டல்களை அது பொதுவாக எட்டுவதில்லை. அங்கே சமைக்கும் முறையைக் கொண்டுதான் நாமே கணிக்க வேண்டியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சோறு கேட்கக் கேட்க வருகிறது. பொரியலும் கூட்டும் சிறு கிண்ணத்தில் ஒருமுறை வந்ததோடு சரி. அப்பளம், ஊறுகாய், சாம்பார், ரசம், மோர் என ஒவ்வொன்றிலும் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே பெரியவர்களுக்குப் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாயை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் முறை சோற்றுக்குப் பதில் பொரியலையோ கீரையையோ கேட்பது இந்த இலையிலேயே செய்யக்கூடிய மிக நல்ல தேர்வு என்பது என் கருத்து. ஆனால், கேட்டால் ‘காய் ஒரு தடவைதான்’ என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது. காய்கறி விலை ஏறி இறங்குவதை அறிவேன். அதனால் இலவசமாகத் தரச் சொல்லவில்லை. அளவு சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து இரண்டு காய் சேர்த்து, அதற்குரிய விலையை வைத்தால் மகிழ்ச்சியோடு கொடுத்துச் சாப்பிடப் பலர் இருக்கிறார்கள்.

இரவில் பெரும்பாலான மேசைகளுக்கு வருவது பட்டர் நானும் பன்னீர் பட்டர் மசாலாவும். ‘நான்’ ரொட்டி மைதாவில் செய்வது; அந்தக் கிரேவியின் வழவழப்பு முந்திரி விழுது, வெண்ணெய், க்ரீம் ஆகியவற்றால் வருவது. கோதுமை மாவுதானா என்று கேட்டறிந்து, மேலே வெண்ணெய் தடவாத தந்தூரி ரொட்டியும் தால் தட்காவும் வாங்கினால் வயிறும் நிறையும், பருப்பின் புரதமும் கிடைக்கும். அசைவம் உண்பவர்களுக்கு, எண்ணெயில் பொரித்த சிக்கன் 65-ஐவிடத் தயிரிலும் மசாலாவிலும் ஊறவைத்து நெருப்பில் சுட்ட தந்தூரி சிக்கன் மேலானது. இனிப்பு லஸ்ஸியின் இடத்தில் உப்புக் குறைத்த மோர் இருக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் அளவு என்ற சிக்கல் எஞ்சி நிற்கிறது. ஒரு கிரேவி இருவருக்கோ மூவருக்கோ போதுமானதாக இருக்கும்போது, தனியாக வருபவர் என்ன செய்வார்? காசு கொடுத்ததை வீணாக்க மனம் வராமல் முழுவதையும் சாப்பிட்டு முடிப்பார். குறிப்பாக முதியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்; உணவை மிச்சம் வைப்பதைத் தவறென்று கருதி வளர்ந்த தலைமுறை அது. மினி டிபன் என்ற பெயரில் சிறு தோசையையும் கரண்டிப் பொங்கலையும் அழகாகப் பரிமாறத் தெரிந்த நம் சமையலறைகளுக்கு, அரைக் கிண்ணம் கிரேவியும் அரைத் தட்டு ஃப்ரைடு ரைஸும் கொடுப்பது கடினமான காரியம் அன்று. அரை அளவுக்குப் பாதி விலையைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்தாலும் அது நியாயமே. அடுத்த முறை மெனு கார்டை அச்சிடும்போது அரை அளவுக்கென்று ஒரு விலைப் பத்தியைச் சேர்க்குமாறு ஹோட்டல் உரிமையாளர்களை உங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.