வரியைப் பிடிக்கும் முன் கணக்கைக் காட்டுங்கள்

எங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவினருக்கு,

வணக்கம். மார்ச் சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தத்தைப் பார்த்த அன்று எங்கள் மாடியில் எழுந்த சத்தம் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். அதை மறுபடி விவரிக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: வருமான வரிக்கு, சேமிப்பு, காப்பீடு போன்ற கழிவுகள் உள்ள பழைய முறையா, பெரும்பாலான கழிவுகள் இல்லாமல் வரி விகிதம் குறைந்த புதிய முறையா என்று எங்களைக் கேட்கும் முன், அவரவர் சம்பளத்துக்கு இரண்டிலும் எவ்வளவு வரி வரும் என்று ஒரே தாளில் போட்டுக் கொடுங்கள்.

பக்கத்து மேசை நண்பருக்கு ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். 2025-26 நிதியாண்டுக்கு நீங்கள் தந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள் மட்டுமே. பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் கட்டுகிறோமே, கழிவு வேண்டுமென்றால் பழையதுதான் என்று அதில் டிக் அடித்துவிட்டார். பிப்ரவரியில் ‘80சி சான்றுகள் போதவில்லை’ என்று உங்கள் மெயில்; பி.எஃப்., எல்.ஐ.சி. போன்ற சேமிப்புக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை கழிவு தரும் பிரிவுதான் இந்த 80சி. மிச்ச இடத்தை நிரப்ப அவசரமாக ஒரு பாலிசி எடுத்தார். அதற்கு இன்னும் பல வருடம் பிரீமியம் கட்ட வேண்டும். சம்பளக்காரர்களுக்குச் சான்று கேட்காமலே கிடைக்கும் 50,000 நிலையான கழிவும் 80சி-யின் முழு 1.5 லட்சமும் போக 10 லட்சத்துக்கு வரி, செஸ்ஸோடு (வரி மேல் போடும் கூடுதல் வரி) 1,17,000 ரூபாய். சராசரியாக மாதம் 9,750. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்த மாதத்திலும் பிடித்தம் நிற்கவில்லை.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 11.25 லட்சம். அதற்கு வரும் 52,500 ரூபாய் வரியும் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கான 87ஏ வரித் தள்ளுபடியில் போய்விடும். கட்ட வேண்டியது பூஜ்யம்.

ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாறிக்கொள்ளலாமே என்றீர்கள். உண்மைதான், கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் பிடித்தது ரீஃபண்டாக வரும். நகைக்கடன் வட்டிக்கு யாரிடம் ரீஃபண்ட் கேட்பது?

புதியதுதான் எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல வரவில்லை. கூடுதல் சம்பளம், வீட்டு வாடகை, வீட்டுக்கடன் வட்டி, பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு என்று இருப்பவருக்குப் பழையது லாபமாகலாம். அதனால்தான் ஆளுக்கொரு தாள் கேட்கிறேன்.

வாடகை ரசீதில் கையெழுத்து மங்கல், வீட்டு உரிமையாளரின் பான் எண்ணில் ஓர் எழுத்து தெளிவில்லை என்று திருப்பி அனுப்பும் கழுகுக் கண்களுக்கு 1,17,000 ரூபாய் மட்டும் தெரியாமல் போனது அதிசயம்தான். பிறந்தநாள் கேக்குக்கு வண்ண வண்ணமாக மெயில் வருகிறது; வரிக்கு ஒரு வரி. அரசும் ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்பதைச் சொன்ன சத்தத்தில், அது புதிய முறையில் மட்டும் என்பது அமுங்கிப்போனது. பழைய முறையில் அந்தத் தள்ளுபடி 5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. சரி, அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எங்கள் சம்பள விவரம் முழுக்க உங்கள் மென்பொருளில்தான் இருக்கிறது. இந்த ஏப்ரல் படிவத்தோடு, இரண்டு முறையிலும் வரும் வரியைக் காட்டும் அந்த ஒரு தாளையும் சேர்த்து அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருவன்