அப்பாவுக்கு, வட இங்கிலாந்து ஹெக்ஸம் பக்கத்துல இருந்து

அன்புள்ள அப்பா,

உங்க கடுதாசி போன வாரம் வந்துச்சு. கவர் ஒரு ஓரம் நனைஞ்சிருந்தாலும் எழுத்து ஒண்ணும் அழியல. நாகலூர் காப்பிக்காட்டை விக்கிற விஷயத்தை போன்ல சொல்லாம எழுதினதே நல்லது, அம்மா பக்கத்துல இருந்தா உங்களாலயும் பேச முடியாது என்னாலயும் முடியாது. அதுக்கு கடைசியில வர்றேன்.

முதல்ல நீங்க கேட்டதுக்கு பதில். "அந்தப் பட்டிக்காட்டுல பார்க்க என்ன இருக்கு, டூரிஸ்ட் யாராச்சும் வருவாங்களா"ன்னு எழுதியிருந்தீங்க. இத்தனை வருஷமா வேன்ல ஜனங்களை ஏத்திட்டு இருபது ஹேர்பின் வளைவும் ஏறி நம்ம ஏற்காட்டுல லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில்னு காட்டினவர் கேட்குறீங்க, ரெண்டு வரியில முடிச்சா நல்லாருக்காது. அதனால உக்காந்து எழுதுறேன், இப்ப ஷிஃப்ட் கொஞ்சம் கம்மிதான், நேரம் இருக்கு.

இங்க எல்லாரும் வர்றது ஒரு சுவரைப் பார்க்கத்தான் அப்பா. ரோம் ராஜா ஹேட்ரியன் கி.பி. 122-ல கட்ட ஆரம்பிச்ச சுவர். கிழக்குக் கடல்ல இருந்து மேற்குக் கடல் வரைக்கும், தீவுக்கு குறுக்கால 117 கிலோமீட்டர். சுவரை ஒட்டிப் போற பஸ்ஸுக்கு நம்பரே ஏடி 122-ன்னு வெச்சிருக்காங்க, ஏடின்னா கி.பி.தான். சில இடத்துல முழங்கால் உயரம், சில இடத்துல என் தலைக்கு மேல நிக்குது, நிறைய இடத்துல ஒண்ணுமே இல்ல. ஆனா நடுவுல ஒரு கருங்கல் பாறை வரிசை வருது பாருங்க, வடக்கு பக்கம் செங்குத்தா இறங்குது, அது உச்சியிலயே ஏறி இறங்கி சுவரை கட்டியிருக்காங்க. அங்க நின்னா கீழ ரெண்டு மூணு சின்ன ஏரி, ஆடுங்க, அதுக்கப்புறம் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் புல்லு, வீடே கிடையாது. காத்து மட்டும் காதை அறுக்கும். பாட்டி கொடுத்த குரங்கு குல்லா போட்டுட்டுத்தான் போறேன்னு சொல்லிடுங்க, சந்தோஷப்படும்.

என்னை கூட்டிட்டு போறது பக்கத்து வீட்டுப் பெரியவர். அம்மாகிட்ட சொல்லியிருக்கேனே, மழையிலயும் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு தூங்குற மனுஷன், அவருதான். எழுபது வயசுக்கு மேல இருக்கும். கோடைக்காலம் வந்தா விண்டோலாண்டான்னு ஒரு ரோமன் கோட்டையில மண்ணு தோண்டப் போறார். சம்பளத்துக்கு இல்ல அப்பா, தோண்ட விடுறதுக்கு இவர் கைக்காசு கட்டுறார்! ஒவ்வொரு வருஷமும் இப்படி எங்கெங்க இருந்தோ ஜனங்க வந்து பணம் கட்டி சேத்துல மண்டி போட்டு தோண்டுறாங்க. நகம் பூரா மண்ணோட வந்து என் வீட்டுக் கதவைத் தட்டி இன்னிக்கு ஒரு செருப்பு கிடைச்சுதுன்னு சொல்லுவார், முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

செருப்புன்னா ஒண்ணு ரெண்டு இல்ல, அந்த ஒரே இடத்துல 5000-க்கு மேல தோல் செருப்பு, ஷூ எடுத்திருக்காங்க. அங்க மண்ணு ஈரமா காத்தே புகாம இருக்கறதால தோலும் மரமும் மக்கவே இல்லையாம். மியூசியத்துல கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிருக்காங்க. அதுல ஒண்ணு குழந்தையோடது, என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும், அடியில தையல் போட்ட ஓட்டை வரிசை கூட அப்படியே தெரியுது. அங்கேயே நின்னுட்டேன், பெரியவர்தான் வந்து தோளைத் தொட்டார்.

அதைவிட பெரிய விஷயம் அந்த ஊர் கடுதாசிங்க. 1973-ல முதல்ல கிடைச்சுதாம். தபால் கார்டு அளவுல, சீவின மாதிரி மெல்லிசு மரத்துண்டு, அதுல மையால எழுதியிருக்கு, 1900 வருஷத்துக்கு முந்தின எழுத்து. ஒரு அதிகாரியோட சம்சாரம் இன்னொரு அதிகாரி சம்சாரத்துக்கு, என் பிறந்தநாளுக்கு கண்டிப்பா வரணும்னு எழுதினது இருக்கு. இன்னொண்ணுல ஒருத்தருக்கு சாக்ஸ் அனுப்பியிருக்கேன், ரெண்டு ஜோடி செருப்பு, ரெண்டு ஜட்டி அனுப்பியிருக்கேன்னு எழுதியிருக்கு. யாரு யாருக்கு அனுப்பினதுன்னு பேரு இல்ல. இந்த சுவர்ல காவல் நின்னவங்க பெரும்பாலும் ரோம்காரங்களே இல்லையாம், பெல்ஜியம் பக்கத்து ஆளுங்க, சிரியாவுல இருந்து வில்லாளிங்க கூட வந்திருக்காங்க. அந்த சூட்டுல பொறந்தவங்க இந்த குளிர்ல எப்படித்தான் இருந்தாங்களோ. அம்மா அனுப்பின பார்சல் அன்னிக்கு காலையிலதான் வந்திருந்துச்சு, பிரிக்காமலே வெச்சுட்டு போயிருந்தேன். ராத்திரி வந்து பிரிச்சா தட்டுவடை, ரசப்பொடி, நம்ம காட்டு மிளகு, கூடவே கம்பளி சாக்ஸ். அந்த மிளகு டப்பாவைத் திறந்ததும் வீடே வாசம் அடிச்சுது அப்பா. எனக்கு அப்பவே கிளம்பி வந்துடணும் போல இருந்துச்சு. மழைக்கு அப்புறம் காப்பிப்பூ பூத்த வாசனையில வேன் கண்ணாடியை இறக்கிவிட்டுட்டு நீங்க கீரைக்காட்டு வளைவுல மெதுவா போவீங்களே, அதை நெனச்சு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்ட வேண்டாம்.

ஹவுஸ்டெட்ஸ்னு இன்னொரு கோட்டை, சரிவுல இருக்கு. 800 வீரருங்க இருந்த இடம். தானியக் கிடங்கு தரை முழுக்க சின்னச் சின்ன கல்தூண் மேல தூக்கி நிக்குது, அடியில காத்து போகணும்னு, நம்ம மலைக்காரங்க தானியக் குதிர்களை கல்லு மேல தூக்கி வைக்கிற மாதிரியே. கழிப்பிடம் கூட அப்படியே இருக்கு, வரிசையா உக்காருவாங்களாம், கீழ வாய்க்கால்ல மழைத்தண்ணி ஓடி அடிச்சுட்டுப் போயிடும். உங்க வேன்ல வர்ற காலேஜ் பசங்களுக்கு இதைச் சொன்னா கெக்கே பிக்கேன்னு சிரிப்பானுங்க.

வடக்கே போனா கீல்டர்னு பெரிய ஏரி. ஏரின்னா தானா வந்தது இல்ல, அணை கட்டி 1982-ல திறந்தாங்க, அந்தப் பள்ளத்தாக்குல இருந்த பண்ணை வீடெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. மேட்டூர்ல தண்ணி வத்தினா பண்ணவாடி நந்தி தெரியும்னு சின்ன வயசுல எங்களை கூட்டிட்டு போனீங்களே, அதைச் சொன்னதும் பெரியவர் திரும்பத் திரும்ப கேட்டார். ராத்திரி அங்க நட்சத்திரம் பார்க்கறதுக்குன்னே வர்றாங்க, விளக்கு வெளிச்சம் அதிகம் வரக்கூடாதுன்னு ஊரே கட்டுப்பாடா இருக்கு.

சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. இங்க ஸ்டாட்டின்னு தட்டையா கனமா ஒரு ரொட்டி, பருப்புல தோய்ச்சா இறங்கிடும். கறிவேப்பிலைக்கு நியூகாசில் போகணும், அடிக்கடி போறதில்ல. டிசம்பர்ல மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடுது, அப்ப மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், பழகிடும். இந்த மாசம் பணம் குறைவா வந்திருக்கும், ஹீட்டர் பில்லு சேர்ந்து வந்துடுச்சு, வேற ஒண்ணும் இல்ல, நீங்க எதையும் யோசிக்காதீங்க.

இப்ப காட்டு விஷயம். விக்காதீங்க அப்பா.

ஏன்னு சொல்றேன். அந்த சுவர் ஏன் பாதி காணோம்னு பெரியவர்கிட்ட கேட்டேன். ரோம்காரங்க போனப்புறம் ஊர்க்காரங்க கல்லைப் பெயர்த்து வீடு, மாட்டுக்கொட்டாய், சர்ச்சு எல்லாம் கட்டிட்டாங்களாம். ஹெக்ஸம் சர்ச்சுல அடித்தளத்து அறைக்கு இறங்கினா ரோமன் எழுத்து செதுக்கின கல்லே சுவர்ல இருக்கு, நானே தொட்டுப் பார்த்தேன். போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டுல ஜான் கிளேட்டன்னு ஒருத்தர் நியூகாசில்ல பெரிய வேலையில இருந்தவர், சுவர் ஓடுற நிலம் விலைக்கு வர வர ஒவ்வொண்ணா வாங்கிப் போட்டார், ஹவுஸ்டெட்ஸும் அவர் வாங்கினதுதான். அதனாலதான் மிச்சம் நிக்குது. சுவரை ஒட்டி ஒரு பள்ளத்துல ஒத்தையா நின்ன மரத்தை 2023 செப்டம்பர்ல ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பேர் அறுத்துட்டாங்க, பெரியவர் அதைச் சொல்றப்ப இன்னமும் குரல் உடையுது. அடிக்கட்டையில துளிர் விட்டிருக்கு, ஆனா அந்த உயரம் வர இவங்க யாரும் இருக்கப் போறதில்ல.

ரிசார்ட் கட்ட கேட்குற பெங்களூர்காரர் தாத்தா வெச்ச சில்வர் ஓக்கை ஒண்ணு கூட விட மாட்டார். மரம் போனா மிளகுக் கொடி போச்சு, நிழல் போனா காப்பி போச்சு. அரை ஏக்கர்தானேன்னு எழுதியிருக்கீங்க, அந்த அரை ஏக்கர்தான் நமக்கு இருக்கு. ஏஜென்ட்டுக்கு வாங்கின கடன் என் பேர்ல போனது, நான்தான் அடைப்பேன், வட்டிக்காரர் வந்தா என் நம்பரைக் கொடுங்க. முட்டி வலிக்குதுன்னா வேனை வித்துடுங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, ஆனா சேலம் கொண்டுபோய் ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டு கொடுங்க, மாமா சொல்ற ஆளுகிட்ட உடனே கொடுத்துடாதீங்க.

தம்பி செமஸ்டர் ஃபீஸ் எப்ப கட்டணும்னு தேதி சொல்லச் சொல்லுங்க. மிளகு பறிச்சதும் ஈரத்தோட விக்காம காயவெச்சு வைங்க, பெரியப்பாகிட்ட தார்ப்பாய் இருக்கு. பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்குன்னா முதல்ல அதை மாத்தணும். வாரிசு சான்றிதழுக்கு அத்தை கையெழுத்து வேணும், அத்தை கோவத்துல இருந்தாலும் நீங்களே நேர்ல போய் கேளுங்க, ஆள் விட்டு சொல்லி அனுப்பாதீங்க. வர்ற மாசம் சேர்வராயன் திருவிழாவுக்கு அத்தை எப்படியும் மலைக்கு வரும், அன்னிக்கே பேசிடுங்க. பேசிட்டு என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க பாப்பா