லெ ஜான்தியின் இரண்டு ஜூன் மாதங்களும் ஒரு சோழிக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வழக்கம்போல அவரை அதிர்ஷ்டம் கெட்ட மனிதராக மட்டுமே காட்டியிருக்கிறது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760 மார்ச்சில் பாரிசிலிருந்து கிளம்பியவர், 1761-இலும் தோற்று, 1769-இலும் தோற்று, 1771-இல் ஊர் திரும்பினால் அவரை இறந்தவராக எண்ணி வாரிசுகள் சொத்தைப் பங்கிடப் பார்த்தார்கள் என்ற கதை அது. நடந்தது உண்மைதான். ஆனால் ஏன் தோற்றார் என்பதும், பாண்டிச்சேரியிலிருந்து என்ன கொண்டுபோனார் என்பதும் கட்டுரையில் இல்லை.

1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. கடப்பதை அவர் கண்ணாரப் பார்த்தார். ஆனால் அவர் போகவிருந்த, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால், பார்த்த இடம் நடுக்கடலில் ஒரு கப்பலின் மேல்தளம். வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் கணத்தை நொடிக்கணக்கில் குறித்தால்தான் சூரியனின் தூரத்தைக் கணக்கிட முடியும். ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் ஒழுங்காக ஓடாது. அதைவிடப் பெரிய சிக்கல் தீர்க்கரேகை. அதில் 1 பாகை பிசகினால் உள்ளூர் நேரத்தில் 4 நிமிடம், அதாவது 240 நொடி பிசகும். கடலில் தீர்க்கரேகையைச் சொல்லும் ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் முதல் சோதனைப் பயணத்துக்குப் புறப்பட்டதே அந்த ஆண்டு நவம்பரில்தான். தரையில் என்றால் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பார்த்துத் தீர்க்கரேகையைச் சரிசெய்துகொள்ளலாம். அசையும் தளத்திலிருந்து அந்தத் தொலைநோக்கியை நிலையாகப் பிடிக்கவே முடியாது. ஆக, பார்த்தும் பயனில்லை.

அடுத்த கடப்பு எட்டு ஆண்டில், அதற்கடுத்தது 1874-இல். அதனால்தான் இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிட்டார். இது கிறுக்கு அல்ல, கணக்குப் போட்டு எடுத்த முடிவு. மணிலாவில் பார்க்க நினைத்தவர், பிறகு 1768-இல் பாண்டிச்சேரிக்கு வந்து, இடிந்துகிடந்த கோட்டையில் கூடம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தொலைநோக்கியைக் கொடுத்தனுப்பினார்கள். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடியது. எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவு.

கட்டுரையாளர் விட்ட ஒன்று இங்கே முக்கியம். பாண்டிச்சேரியில் அன்று சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் முகத்தில் பாதிக்கு மேல் கடந்திருக்கும். உதயத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அது வெளியேறத் தொடங்கும். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்கூட ஏறியிருக்காது. அவ்வளவு தாழ்வில் காற்றின் கொந்தளிப்பால் விளிம்பு நடுங்கும். வெள்ளிக்கும் விளிம்புக்கும் இடையே கருந்துளி ஒன்று ஒட்டிக்கொண்டு இழுபடும். பசிபிக் தீவான தாஹிட்டியில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் குழுவினர் அருகருகே நின்று பார்த்தும் நேரத்தில் ஒத்துப்போகாததற்கு அதுவே காரணம். மேகம் இல்லாதிருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது வெளியேற்றத்தின் நேரம் மட்டும்தான்.

மேகம் கெடுக்காத வேலை ஒன்றை அவர் அங்கே செய்தார். ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் பயின்று, அதை அச்சில் ஏற்றினார். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை அது. கலியுகம் தொடங்கிக் கழிந்த நாள்களை 1600984, 12372, 3031, 248 என்று வரிசையாக வகுக்க வேண்டும். இந்த எண்கள் மனத்தில் நிற்க, எழுத்துக்கு ஓர் இலக்கம் என்ற முறையில் சொற்களாகக் கட்டப்பட்டவை: காலானலம் என்றால் கா 1, லா 3, ந 0, ல 3, வலமிருந்து படித்தால் 3031.

இந்த எண்கள் ஏன்? சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து கிளம்பி மீண்டும் அங்கே வர 27.55 நாள் ஆகும். ஒன்பது சுற்று 248 நாள், ஆனால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 13 நிமிடம் கூடுதல். பன்னிரண்டு முறை ஓடவிட்டால் பிழை இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். 110 சுற்றுக்கு 3031 நாள் என்பதோ மிக நெருக்கமாகப் பொருந்தும். ஆகவே பெரிய எண்ணால் முதலில் வகுத்துவிட்டால் சிறியதன் பிழை குவியாது. 12372-ஆல் வகுத்தபின் 5000 மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3031 ஒரு முறை, 248 ஏழு முறை போக மீதி 233. முதலாவதற்குச் சந்திரன் நகர்ந்த அளவு 337 பாகை 31 கலை (60 கலை 1 பாகை). இரண்டாவதற்கு முறைக்கு 27 பாகை 44 கலையாக 194 பாகை 8 கலை. முழுச்சுற்றைக் கழித்தால் 171 பாகை 39 கலை. முந்தைய இரண்டு வகுத்தலின் ஈவுகளுக்கும் இதேபோல் உரியதைச் சேர்த்து, வாக்கியம் எனப்படும், நாளுக்கு ஒன்றாகச் சந்திரனின் நகர்வைச் சொல்லும் 248 மனப்பாடத் தொடர்களில் 233-ஆவதன் அளவையும் கூட்டினால் அன்றைய சூரியோதயத்தில் சந்திரன் நிற்கும் இடம். இதையெல்லாம் ஏட்டில் எழுதாமல் சோழியை நகர்த்தியே முடித்தார்கள்.

1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவு இந்தக் கணக்கில் 41 நொடி மட்டுமே குறைந்ததாகவும், ஐரோப்பிய வானியலாளர் டோபியாஸ் மாயரின் சந்திர அட்டவணையில் 68 நொடி கூடியதாகவும் லெ ஜான்தி எழுதினார். இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவை வென்றோம் என்று பகிர்வோர் பலர். தயவுசெய்து அது வேண்டாம். 1825-இல் இந்தியக் காலக்கணக்கை ஆராய்ந்த ஜான் வாரன் பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சோழியால் கணக்கிடச் சொன்னபோது, கிரகணத் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. ஒரு கிரகணத்தை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது. கருவி எதுவும் இல்லாமல் மனப்பாடத்தை மட்டும் கொண்டு ஒருவர் கிரகணத்தை முன்கூட்டிச் சொன்னார் என்பதே போதுமான வியப்பு.

லெ ஜான்தியைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அவர் இழந்த சொத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது இந்தக் கணக்குக்குக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 248 வாக்கியங்களையும் அவற்றின் பாகை, கலை அளவுகளோடு ஓர் இணைப்பாக வெளியிட்டால், பள்ளி மாணவர்களே தாள் பென்சிலோடு சந்திரன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுச்சேரி